பாட்டி டைரீயில் பிறக்கவில்லை

என் மாமியாருக்குத் தம் பூர்வீகத்தைப் பற்றி எந்த ஐயமும் இருந்ததில்லை. கிளாஸ்கோவில் பிறந்து, அங்கேயே பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றாலும், சொந்த ஊர் எது என்று யார் கேட்டாலும் "நாங்கள் டைரீக்காரர்கள்" என்றுதான் சொல்வார். டைரீ என்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், ஓபன் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரக் கப்பல் பயணத்தில் இருக்கும், மரங்கள் அரிதான, காற்று ஓயாத, தாழ்ந்த ஒரு தீவு. மாமியாரின் தாய்வழிப் பாட்டி அங்கிருந்து கிளாஸ்கோவுக்கு வந்தவர். பேரக் குழந்தைகளை ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கில் தாலாட்டியவர். கூரை வேய்ந்த தீவு வீடு ஒன்றின் மங்கிய புகைப்படம் இன்றும் மாமியாரின் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் ஐயப்பட வேண்டிய தேவை என்ன?

ஐயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தான். கிறிஸ்துமஸ் பரிசாக டிஎன்ஏ சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி அவரிடம் கொடுத்தேன். சிறு குழாயில் எச்சில் துப்புவதற்கு முன் அரை மணி நேரம் தேநீர் குடிக்கக் கூடாது என்பது மட்டுமே அவருக்கு அன்று பெரிய குறையாக இருந்தது.

முடிவு வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. இத்தகைய சோதனைகள் நிறம் தீட்டிய வரைபடத்தில் "இத்தனை விழுக்காடு ஸ்காட்லாந்து, இத்தனை அயர்லாந்து" என்று காட்டும் கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை. அது ஒப்பிடப்படும் மாதிரிகளைப் பொறுத்து மாறக்கூடிய மதிப்பீடு. அடுத்த ஆண்டு அதே எச்சிலுக்கு வேறு விழுக்காடு வரும். உண்மையில் பயன்படுவது உறவினர் பட்டியல்தான். அதே சோதனையைச் செய்துகொண்ட மற்றவர்களில் யார் யாருடன் நமக்கு எவ்வளவு டிஎன்ஏ பொதுவாக இருக்கிறது என்பதைச் சென்டிமார்கன் என்ற அலகில் அது சொல்லும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே ஏறத்தாழ 3,400 இருக்கும். ஒரே எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டியின் வழிவந்த இருவருக்கிடையே சராசரியாக 70-ஐ ஒட்டி இருக்கும், சிலரிடம் ஒன்றுமே இல்லாமலும் போகும். டைரீயிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாகக் கனடாவுக்குப் போனார்கள். 1841-இல் 4,000 பேருக்கு மேல் வாழ்ந்த தீவில் இன்று 650 பேரை ஒட்டித்தான் இருக்கிறார்கள். அப்படிப் போனவர்களுடைய சந்ததியார் கனடாவின் ஒண்டாரியோவில் பெருகிக் கிடக்கிறார்கள், வம்ச ஆராய்ச்சியில் ஆர்வமும் மிக்கவர்கள். டைரீயில் வேர் உள்ள ஒருவருடைய பட்டியலில் அத்தீவின் மெக்லீன்களும் மெக்கின்னன்களும் நிறைந்திருக்க வேண்டும். மாமியாரின் பட்டியலில் டைரீ வழிவந்தவர் ஒருவர்கூட இல்லை.

நான் தொழிலால் கணக்கர். கணக்குப் புத்தகத்தில் இருக்க வேண்டிய ஒரு வரவு இல்லையென்றால் எனக்கு உறக்கம் வராது. ஆகவே காகிதங்களுக்குப் போனேன்.

ஸ்காட்லாந்தில் மூதாதையரைத் தேடுபவர் ஒருவகையில் பேறு பெற்றவர். இங்கே பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு கட்டாயமானது 1855-இல், இங்கிலாந்தைவிடப் பதினெட்டு ஆண்டுகள் தாமதமாக. ஆனால் தாமதத்துக்கு வட்டியும் சேர்த்துக் கொடுத்தார்கள். திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் மட்டுமன்றித் தாயின் பெயரும் அவளது பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். இறப்புப் பதிவில் எண்பது வயது மூதாட்டிக்கும் அவளுடைய தாய், தந்தை பெயர் கேட்டு எழுதியிருப்பார்கள். திருமணத்தால் ஒரு பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் சட்டப்படி அழிந்துவிடுவதில்லை என்பது இந்நாட்டு மரபு. கல்லறைக் கற்களில்கூட அப்பெயரே பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நம் ஊரில் பாட்டியின் தாய் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். எடின்பரோவில் உள்ள ஆவணக் களஞ்சியத்தின் "ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்" என்ற தளத்தில் இவற்றின் படிமங்களை வீட்டிலிருந்தே கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

பாட்டியின் 1907-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவில் எல்லாமே ஒழுங்காக இருந்தன. தந்தை, டைரீயில் சிறுநிலக் குடியானவர், காலமானவர்; தாய், இன்ன குடும்பத்தைச் சேர்ந்தவர், அவரும் காலமானவர். பாட்டியின் இறப்புப் பதிவும் அதையே திருப்பிச் சொன்னது. அந்தக் கணவனும் மனைவியும் டைரீயில் உண்மையிலேயே வாழ்ந்தவர்கள். அவர்களுடைய திருமணமும் கிடைத்தது, ஆறு பிள்ளைகளின் பிறப்புகளும் கிடைத்தன. பாட்டியின் பிறப்பு மட்டும் கிடைக்கவில்லை. தீவிலே யாரோ பதிவு செய்ய மறந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரே பெயர் கொண்ட பல பெண்களின் படிமங்களைக் கட்டணம் கட்டித் திறந்து பார்த்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளை வீணாக்கினேன். ஒரு பதிவில் இருப்பதெல்லாம் அன்று அந்த மேசைக்கு முன்னால் நின்றவர் சொன்னது மட்டுமே என்ற எளிய உண்மை, வேலையில் ஒவ்வொரு ரசீதையும் ஐயத்தோடு பார்க்கும் எனக்கு, இங்கே உறைக்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பிரிட்டனில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணினார்கள். எனினும் தனித்தனி ஆட்களின் பெயர்கள் ஒழுங்காகக் கிடைப்பது 1841 முதல்தான். 1841-ஐ நம்பி வயதைக் கணிப்பவர் ஏமாறுவார். பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதும்படி அன்று விதி இருந்தது, ஆகையால் 39 வயதுக்காரர் 35 என்று நிற்பார். யாருக்கு யார் என்ன உறவு என்பதும் அதில் இல்லை. உறவு, சரியான வயது, பிறந்த பாரிஷ் (திருச்சபையை ஒட்டி வகுத்த ஊர்ப்பிரிவு) ஆகிய மூன்றும் 1851-இல் சேர்ந்தன. ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பத்தி 1861-இல் வந்தது: ஒவ்வொரு வீட்டிலும் சன்னல் உள்ள அறைகள் எத்தனை என்று கேட்டு எழுதினார்கள். எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு எதிரே "1" என்று ஓர் எண் நிற்பதைப் பார்க்கும்போது, அதற்கு மேல் எந்த வருணனையும் தேவைப்படுவதில்லை. 1881 முதல் கேலிக் பேசுவோரா என்று கேட்டார்கள். 1911-இல் திருமணமாகி எத்தனை ஆண்டுகள், பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டார்கள். நூறு ஆண்டுகள் மூடி வைத்த பிறகே பொதுமக்களுக்குத் திறப்பார்கள் என்பதால், 1921-ஆம் ஆண்டுத் தாள்கள் இங்கே 2022 இறுதியில்தான் வெளிவந்தன.

பாட்டியின் பெயரை 1911-இல் திறந்தேன். பிறந்த இடம்: கிளாஸ்கோ. எழுத்தர் பிழை என்று எண்ணி 1921-ஐத் திறந்தேன். அங்கும் கிளாஸ்கோ. 1901-இல் கிளாஸ்கோவை ஒட்டிய பார்ட்டிக்கில் ஒரு மருத்துவர் வீட்டில் பதினேழு வயதுப் பணிப்பெண். பிறந்த இடம் கிளாஸ்கோ. திருமணப் பதிவில் ஒரு கதையைச் சொன்ன அதே பெண், கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டிய ஒவ்வொரு முறையும் வேறொன்றைச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருநாள் யாரேனும் வருவார்கள் என்று அவர் எதற்காக நினைத்திருக்க வேண்டும்?

இப்போது டைரீயின் 1891-ஆம் ஆண்டுத் தாள்களைப் பெயரை விட்டுவிட்டு வீடு வீடாகப் படித்தேன். அந்தக் குடியானவர் வீடு இருந்தது. கணவன், மனைவி, இன்னும் வீட்டோடு இருந்த மூன்று பிள்ளைகள், அவர்களுக்குக் கீழே கடைசி வரியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. முதற்பெயர் பாட்டியுடையது, குடும்பப்பெயர் நான் அதுவரை கேள்விப்படாதது. உறவு என்ற பத்தியில் "மகள்" என்பதற்குப் பதிலாக "தங்கியிருப்பவர்" என்ற பொருள்படும் சொல் இருந்தது. பிறந்த இடம் கிளாஸ்கோ. பேசும் மொழி, கேலிக்கும் ஆங்கிலமும்.

இங்கே சிறிது நின்று விளக்க வேண்டும். பெற்றோரை இழந்த அல்லது பெற்றோரால் பேண முடியாத குழந்தைகளைப் பெரிய ஏழையர் இல்லத்துக் கட்டடங்களில் வளர்ப்பதைவிட நாட்டுப்புறக் குடும்பங்களில் விட்டு வளர்ப்பதையே ஸ்காட்லாந்துப் பாரிஷ்கள் பெரிதும் விரும்பின. அதற்கென வளர்க்கும் வீட்டுக்குப் பணம் கொடுத்தன. கிளாஸ்கோவின் பாரிஷ்கள் இவ்வாறு ஏராளமான குழந்தைகளை மேட்டு நிலங்களுக்கும் மேற்குத் தீவுகளுக்கும் அனுப்பின. டைரீ அவற்றில் ஒன்று. நகரத்தின் புகையும் நோயும் கெட்ட சகவாசமும் இல்லாத இடத்தில் குழந்தை நன்றாக வளரும் என்பது சொல்லப்பட்ட காரணம். கட்டடத்தில் வைத்துப் பேணுவதைவிடச் செலவு குறைவு என்பது சற்று மெல்லிய குரலில் சொல்லப்பட்ட காரணம். நிலம் குறுகிய குடியானவருக்கு மாதந்தோறும் கைக்கு வரும் அந்தக் காசும், வேலைக்கு உதவும் இன்னொரு சோடிக் கையும் வேண்டியிருந்தன. நகரத்துப் பிள்ளைகள் சில மாதங்களில் கேலிக் பேசக் கற்றுக்கொண்டார்கள். தாலாட்டு வந்த வழி அதுதான்.

புதிய குடும்பப்பெயரோடு பிறப்புப் பதிவைத் தேட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 1884, கிளாஸ்கோ. தாய், வீட்டுப் பணிப்பெண். குழந்தையின் பெயருக்குக் கீழே, திருமணத்துக்கு வெளியே பிறந்தது என்பதைக் குறிக்கும் அந்த ஒற்றைச் சொல். தந்தைக்குரிய இடம் வெறுமை. மணமாகாத தாயின் குழந்தைக்குத் தந்தை பெயர் எழுத வேண்டுமானால் அவரே தாயோடு நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்பது 1855 முதல் இருந்த விதி. தாய் வழக்குத் தொடுத்து நீதிமன்றம் தந்தை இன்னார் என்று தீர்ப்பளித்திருந்தால், திருத்தப் பதிவேட்டில் அது ஏறியிருக்கும். பிறப்புப் பதிவின் ஓரத்தில் அதற்கொரு குறிப்பு இருக்கும். ஓரம் சுத்தமாக இருந்தது.

மற்ற நாடுகளில் தேடல் பெரும்பாலும் இங்கே முடிந்துபோகும். கிளாஸ்கோவில் முடியவில்லை என்றால் அதற்குக் காரணம் மிட்செல் நூலகம். பச்சைச் செப்புக் கவிமாடம் கொண்ட அந்தக் கட்டடத்தில் நகர ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே கிளாஸ்கோ நகரம், பாரனி, கோவன் ஆகிய பாரிஷ்களின் வறியோர் நிவாரண விண்ணப்பங்கள் பத்து லட்சத்துக்கும் மேல் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பெயரைச் சொன்னால் அட்டவணையில் தேடிக் கொடுப்பார்கள். அரசர்களைப் பற்றியும் குலத் தலைவர்களைப் பற்றியும் எழுதியவர்கள் அக்காலத்து ஏழையைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்ததில்லை.

ஏன் அவ்வளவு எழுதினார்கள் என்பதுதான் எனக்கு, ஒரு கணக்கராக, மிகவும் சுவையான பகுதி. 1845-க்கு முன்பு ஏழைகளைக் கவனிப்பது ஊர்த் திருச்சபையும் நிலக்கிழார்களும் சேர்ந்து செய்த வேலை. 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் போதகர்கள் வெளியேறியபின் அந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கவில்லை. 1845-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பாரிஷிலும் ஒரு வாரியத்தையும், அதன் கீழ் ஏழைகளுக்கான கண்காணிப்பாளர் ஒருவரையும் ஏற்படுத்தியது. ஒருவருக்கு நிவாரணம் கொடுக்க வேண்டிய பொறுப்பு அவருக்குக் குடியுரிமை உள்ள பாரிஷைச் சேரும். அந்த உரிமை பிறப்பால் வரலாம். மனைவிக்குக் கணவன் வழியாகவும், பிள்ளைக்குத் தந்தை வழியாகவும், மணமாகாத தாயின் பிள்ளைக்குத் தாய் வழியாகவும் வரலாம். அல்லது ஒரே பாரிஷில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பிறர் உதவியின்றி வாழ்ந்திருந்தால் வரலாம். 1898-இல்தான் அந்த ஐந்து மூன்றாகக் குறைந்தது. ஆகவே விண்ணப்பிப்பவர் ஒருவர் வந்தால் கண்காணிப்பாளரின் முதல் கவலை, இந்தச் செலவை வேறு எந்தப் பாரிஷின் தலையில் கட்டலாம் என்பதே. அதற்காகத்தான் பிறந்த இடம், பெற்றோர் பெயர், அவர்கள் பிறந்த இடம், கடந்த ஆண்டுகளில் குடியிருந்த முகவரிகள் ஒவ்வொன்றும், கணவன் ஓடிப்போயிருந்தால் எங்கே, குழந்தைக்குத் தந்தை யார் என்பதெல்லாம் கேட்டு, நேரில் போய் விசாரித்து எழுதினார். ஏழையின் மேல் இருந்த அக்கறையைவிடக் கைக்காசின் மேல் இருந்த அக்கறையே அந்த ஏடுகளை நிரப்பியது. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்; அதே வேலையில் நானும் அதையே செய்திருப்பேன்.

எனக்குக் கிடைத்தது பாரனி பாரிஷின் 1885-ஆம் ஆண்டு விண்ணப்பம். வயது 23. பிறந்தது கிண்டயர் தீபகற்பத்தின் கேம்பல்டவுனில். பெற்றோர் பெயர்கள், தந்தை மீன்பீப்பாய் செய்பவர், இருவரும் இறந்தவர்கள். பதினாறு வயதில் கிளாஸ்கோவுக்கு வந்தது முதல் வேலை பார்த்த வீடுகள் வரிசையாக, மாதக் கணக்கோடு. கடைசியாக, கிளைடு நதிக்கரைக் கப்பல் தளத்து வேலையாட்கள் தங்கும் ஆண்டர்ஸ்டன் விடுதி ஒன்றில் பணிப்பெண். மடியில் எட்டு மாதக் குழந்தை. அதற்கும் கீழே, சாய்ந்த கையெழுத்தில், குழந்தையின் தந்தை என்று சொல்லப்படுபவர்: முழுப்பெயர், தொழில் கப்பல் தச்சர், ஊர் ஃபிண்டாக்டி, கடலோடிப் போய்விட்டதாகத் தகவல்.

உடல் வலுவுள்ளவருக்கு வேலை இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் நிவாரணம் கொடுக்க ஸ்காட்லாந்துச் சட்டம் அப்போது இடம் தரவில்லை. ஒரு குழந்தையோடு நிற்கும் மணமாகாத இளம்பெண்ணுக்குப் பணமாக எதுவும் தரப்படவில்லை. ஏழையர் இல்லத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள், அவள் மறுத்துவிட்டாள். அந்த மறுப்பு ஒரே ஒரு சொல்லாக ஏட்டில் இருக்கிறது. அதே தாளில் நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு மையில் இன்னொரு குறிப்பு: 1889, காசநோய், ஸ்பிரிங்பர்னுக்கு அருகே இருந்த பார்ன்ஹில் ஏழையர் இல்லத்தில் சேர்க்கப்பட்டாள். பிறகு இறந்த தேதி. பிறகு, குழந்தை டைரீக்கு அனுப்பப்பட்டது.

ஃபிண்டாக்டி என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு வேறொரு பட்டியல் நினைவுக்கு வந்தது. அது வடகிழக்குக் கரையில், பக்கிக்கும் போர்ட்நாக்கிக்கும் நடுவே இருக்கும் சிறிய மீனவ ஊர். எழுதுவது ஒருவகை, உள்ளூரார் சொல்வது ஏறக்குறைய "ஃபினெக்டி". மாமியாரின் டிஎன்ஏ பட்டியலில் எனக்கு விளங்காத ஒரு கூட்டம் இருந்தது. அவருடைய அத்தை மகளையும் சோதனை செய்யவைத்து, இருவருக்கும் பொதுவானவர்களை விலக்கியபின் மீந்தவர்கள் பெரும்பாலும் தாய்வழி உறவினர். அவர்களில் பதினான்கு பேர் ஒருவருக்கொருவரும் உறவு. அவர்கள் தளத்தில் வைத்திருந்த வம்ச மரங்களெல்லாம் ஃபிண்டாக்டியும் பக்கியும் அடங்கிய ராத்வென் பாரிஷில் போய் நின்றன. மேற்கே ஆர்கைல் பகுதித் தீவுக்காரரின் பட்டியலில் வடகிழக்கே பான்ஃப் கரை மீனவர்கள் எதற்கு என்று எண்ணி, அந்தக் கூட்டத்தை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஆனால் மீனவ ஊர்களில் டிஎன்ஏ எண்களை முகமதிப்பில் எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டார்கள். மீன் பிடிப்பவனுக்குத் தூண்டிலில் இரை கோக்கவும் மீனைச் சுத்தம் செய்யவும் தெரிந்த மனைவி வேண்டும், வேளாண் குடும்பத்துப் பெண்ணால் அது ஆகாது என்பது அவர்கள் நினைப்பு. அத்தை மகளையும் மாமன் மகளையும் மணந்து பழகிய நமக்கு இதன் விளைவு எளிதில் புரியும்: இருவர் ஒரு வழியில் மட்டுமன்றி மூன்று, நான்கு வழிகளில் உறவாக இருப்பார்கள், தொலைவான உறவுகூடக் காகிதத்தில் நெருக்கமாகத் தெரியும். பெயர்களும் அப்படித்தான். ஃபிண்டாக்டியில் ஃப்ளெட், பக்கியில் ஸ்மித், கௌவி என்று ஒருசில குடும்பப்பெயர்களையே ஊர் முழுக்கப் பகிர்ந்துகொண்டார்கள். முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர் என்ற ஸ்காட்லாந்து வழக்கமும் சேர்ந்தபோது, ஒரே பெயரில் பத்துப் பேர் திரிந்தார்கள். ஆகையால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு; வாக்காளர் பட்டியலிலும் கணக்கெடுப்பிலும்கூட அது ஏறியிருக்கும். நம் ஊர்க் கதைதான். பாரனியின் கண்காணிப்பாளருக்கோ பட்டப்பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

ராத்வென் பாரிஷில் அந்தப் பெயரோடு பொருத்தமான வயதில் மூவர் இருந்தார்கள். ஒருவர் 1879-இல் கடலில் மூழ்கி இறந்தவர். இரண்டாமவர் 1881-இல் மனைவியோடும் சொந்தப் படகோடும் ஊரிலேயே இருந்தார். மூன்றாமவர் 1881-இல் ஊரில் இல்லை. கிளாஸ்கோவில் கப்பல் தச்சராகக் கணக்கெடுக்கப்பட்டிருந்தார். பதினான்கு பேரில் மிக அதிகமாக, 118 சென்டிமார்கன் அளவுக்கு மாமியாரோடு ஒத்துப்போன கனடாப் பெண்மணி இந்த மூன்றாமவரின் கொள்ளுப்பேத்தி. அந்தத் தச்சர் 1887-இல் கனடாவுக்குப் போய் மணம் செய்துகொண்டிருக்கிறார். ஒரே கொள்ளுத்தாத்தா, வெவ்வேறு கொள்ளுப்பாட்டிகள் என்ற உறவுக்கு அந்த எண் நன்றாகப் பொருந்துகிறது.

நன்றாகப் பொருந்துவது போதாது. ஊருக்குள்ளேயே பின்னிய உறவுகளாலும் 118 வரலாம் என்ற ஐயம் இருந்தது. அதைத் தீர்த்தவர் அந்தத் தச்சரின் தாய். ஊர் வழக்கத்துக்கு மாறாக அவள் மீனவப் பெண் அல்லள். உள்நாட்டில் கீத் என்ற ஊர்ப்பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவள். அவளுடைய உடன்பிறந்தாரின் வழித்தோன்றல்கள் மூவர், இருவர் நியூசிலாந்திலும் ஒருவர் அபர்டீனிலும் இருப்பவர்கள், மாமியாரோடு 30 முதல் 60 வரை ஒத்துப்போகிறார்கள். மீனவ ஊரோடு எந்தத் தொடர்பும் இல்லாத இவர்கள் மாமியாருக்கு உறவாக வேண்டுமானால் அந்தத் தாய் வழியாகத்தான் ஆக முடியும். அந்த அம்மாளின் வேறொரு மகன் தந்தையாக இருந்திருக்கலாமே என்று கேட்டால், எண்களைக் கொண்டு மட்டும் அதை அடித்து மறுக்க முடியாது. அங்கேதான் விண்ணப்பத் தாளில் இருக்கும் பெயரும் தொழிலும் பேசுகின்றன. எச்சில் தனியாகவோ காகிதம் தனியாகவோ எனக்கு இந்த மனிதரைக் காட்டியிருக்க மாட்டா.

எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி மாமியாரிடம் கொடுத்த மாலையை நான் மறக்க மாட்டேன். அவர் தந்தையற்ற பிறப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கப்பல் தச்சரைப் பற்றியும் அதிகம் கேட்கவில்லை. ஏழையர் இல்லம் என்ற இடத்தில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அவருடைய குழந்தைப் பருவத்தில் கிளாஸ்கோவின் கிழவர்கள் பார்ன்ஹில் என்ற பெயரையே தாழ்ந்த குரலில்தான் சொல்வார்களாம்; பின்னர் பெயரை மாற்றி மருத்துவமனையாக வைத்திருந்தும் பயன் இல்லை. கட்டடம் 1980களில் இடிக்கப்பட்டது, இன்று அங்கே வீடுகள் இருக்கின்றன. பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: "டைரீயில் அந்தக் குழந்தையை நன்றாக வைத்துக்கொண்டார்களா?"

அதற்கும் தாள் இருந்தது. வெளியே வளர்க்கப்படும் குழந்தைகளைப் பாரிஷ் அதிகாரிகள் அவ்வப்போது போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதினார்கள். பாட்டியைப் பற்றிய மூன்று குறிப்புகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி: உடல் நலமாக இருக்கிறாள், உடை சுத்தம், பள்ளிக்குப் போகிறாள், வீட்டாரிடம் ஒட்டுதலாக இருக்கிறாள். அதிகாரிகள் எழுதும் குறிப்பு எப்படி இருக்கும் என்பதை அறிந்த எனக்கு இந்த நான்கு செய்திகளில் முதல் மூன்றின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. நான்காவதை நம்புவதற்குத் திருமணப் பதிவு இருக்கிறது. தன்னைப் பெற்றவர்களின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் இருபத்து மூன்று வயதில் அவர் எழுதச் சொன்ன பெயர்கள் அவை. நான் இரண்டு ஆண்டுகளாகப் பொய் என்று திட்டிக்கொண்டிருந்த வரி.

கடந்த கோடையில் மாமியாரோடு டைரீக்குப் போனோம். கிர்க்கபோல் பழைய இடுகாட்டில் அந்தத் தம்பதியின் கல்லைக் கண்டுபிடித்தோம்; அதில் அவர்கள் பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன. மாமியார் அதைப் படித்துவிட்டு, காற்றுக்குத் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கல்லின் மேல் படிந்திருந்த பாசியைச் சாவியால் சுரண்டத் தொடங்கினார். அப்படிச் செய்யக் கூடாது, கல் கெட்டுவிடும் என்று சொன்னேன். ஆசிரியராக இருந்தவரிடம் சொல்லிப் பயனில்லை.

இணையத்தில் உள்ள வம்ச மரத்தில் தச்சரையும் கேம்பல்டவுன் பெண்ணையும் சேர்த்துவிட்டேன். டைரீத் தம்பதியை வளர்ப்புப் பெற்றோர் என்று குறித்து அவர்களையும் அங்கேயே வைக்க வேண்டும் என்று மாமியார் உத்தரவிட்டார். கனடாப் பெண்மணியோடு இப்போது மின்னஞ்சலில் பேசுகிறார். தம் சொந்த ஊர் டைரீ என்றுதான் அவருக்கும் எழுதியிருக்கிறார்.

இப்போது அவர் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை, 1889-இல் பார்ன்ஹில்லில் இறந்த அந்தப் பெண்ணை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கண்டுபிடிப்பது. பாரிஷ் செலவில் புதைக்கப்பட்டவர்களுக்குக் கல் இருக்காது. இடுகாட்டுப் பதிவேட்டில் குழியின் எண் மட்டும் இருக்கும், அதே எண்ணில் வேறு பலரும் இருப்பார்கள். வரும் செவ்வாய்க்கிழமை மிட்செலுக்கு மறுபடியும் போகிறேன்.